சுவருக்குப் பொங்கல், கதவுக்கு மாசி

"பொங்கலுக்குள்ளே வீடு முழுக்கப் பெயின்ட் அடிச்சு முடிச்சிடணும்." மார்கழி பிறந்ததும் பெயின்டர்கள் கையில் சிக்காமல் போவதற்கு இந்த நம்பிக்கைதான் காரணம். சுவர் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். வாசல் கதவு, வெளி ஜன்னல், திண்ணைத் தூண், மரக் கேட் இவற்றுக்கு அதைவிட மோசமான காலம் அடைமழை நாள் மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகையில் குடித்த தண்ணீரை மரம் அப்போதுதான் மெல்ல வெளியே விட ஆரம்பித்திருக்கும். போதாக்குறைக்கு விடியற்காலைப் பனி வேறு. அந்த ஈரத்தின் மேல் எனாமலைப் பூசி மூடினால், வெயில் ஏறியதும் உள்ளே இருக்கும் ஈரம் பெயின்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். அடுத்த ஆடிக்குள் தோல் உரியும். திட்டு மட்டும் பெயின்ட் கம்பெனிக்குப் போகும்.

மரத்தின் ஈரப்பதம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் பிரைமர் டப்பாவையே திறக்க வேண்டும். இரண்டு ஊசி முனைகளை மரத்தில் குத்தி அளக்கும் கருவி கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாதவர்கள் கதவையே கேட்கலாம். மழையில் உப்பி நிலையில் இடித்த கதவு இன்னும் தாராளமாகச் சாத்த வரவில்லை என்றால் ஈரம் இறங்கவில்லை. மாசி, பங்குனி வரை பொறுங்கள். அப்போதும் உச்சி வெயில் நேரடியாக விழும் பலகையில் பூசக் கூடாது. மேல்பரப்பு சட்டென ஏடு கட்டி, அடியில் காயாமல் நின்றுவிடும். வெயில் விலகிய பக்கமாகப் பார்த்து வேலை செய்வதே பழகிய பெயின்டரின் அடையாளம்.

"அப்படியென்றால் புது மரத்தை வெயிலில் நன்றாகக் காயப் போடலாமே?" இதுவும் பலர் செய்வதுதான். ஈரம் இறங்குவது வேறு, இழைத்த முகத்தில் வெயில் அடிப்பது வேறு. சூரியனின் புற ஊதாக் கதிர், மர இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. மிஞ்சுவது பிடிமானம் இல்லாத சாம்பல் நிற நார். பெயின்ட் அந்த நாரைத்தான் பிடித்துக்கொள்ளும். நாரோ மரத்தை விட்டுவிடும். அமெரிக்காவில் மாடிசன் நகரில் 1910 முதல் இயங்கும் அரசு மர ஆய்வுக்கூடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. சில வார வெயிலே பெயின்டின் பிடிமானத்தைக் குறைத்துவிடுகிறது. மரத்தை நிழலில், காற்றோட்டத்தில் காய வையுங்கள். இழைத்தபின் இரண்டு வாரத்துக்குள் பிரைமர் ஏறட்டும். ஏற்கெனவே சாம்பல் பூத்த மரமென்றால், உப்புத்தாள் போட்டு நல்ல நிறம் தெரியும்வரை தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"நிலைக்கு ஆசாரி அப்பவே பிரைமர் அடிச்சிட்டாரு." புது வீடு கட்டும் இடங்களில் அந்த ரோஸ் நிற நிலைகளைப் பார்த்திருப்பீர்கள். கட்டடம் எழும்பி முடிய எட்டு மாதமோ ஒரு வருடமோ ஆகும். அதுவரை மழை, வெயில், சிமென்ட் தெறிப்பு எல்லாம் அதன் மேல்தான். விரலால் தேய்த்துப் பாருங்கள், ரோஸ் பொடி கையில் ஒட்டும். பிரைமர் தனியாக வெளியில் நிற்பதற்குச் செய்யப்பட்டதல்ல. பொடி உதிரும் பிரைமரைத் தேய்த்து, துடைத்து, மறுபடி ஒரு கை அடித்தாக வேண்டும். சந்தேகமிருந்தால் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். டேப்போடு வருவதெல்லாம் நாளைக்குப் பெயின்டோடும் வரும்.

உண்மையில் கதவைக் கெடுப்பது யாரும் பார்க்காத இடம். கதவின் அடிவிளிம்புக்குக் கீழே செல்போனை நீட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அங்கே பிரைமரும் இருக்காது, பெயின்டும் இருக்காது. கருத்துப்போன வெறும் மரம்தான் தெரியும். வாசல் கழுவும் தண்ணீர் தினமும் அங்கேதான் தெறிக்கிறது. மர இழையின் குழாய்கள் வாய் திறந்து நிற்கும் வெட்டுமுகம், பலகையின் பக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். அப்படி ஏறிய நீர்தான் அடிப்பலகையில் முதலில் பெயின்டை உரிக்கிறது. கதவை மாட்டுவதற்கு முன்பே அடி, தலை, கீல் வெட்டிய குழி, பூட்டுத் துளை எல்லாவற்றிலும் பிரைமரை ஊற விடுங்கள். நிலையின் சுவர்ப் பக்கமும் அப்படியே. ஒருமுறை சுவர் பூசிவிட்டால் பிறகு அங்கே கை போகாது.

பட்டி விஷயத்தில் வரிசைதான் முக்கியம். வெறும் மரத்தில் பட்டி பார்த்தால் அதிலுள்ள எண்ணெயை மரம் இழுத்துக்கொள்ளும். காய்ந்த பட்டி ஓடாகப் பெயரும். பிரைமர், பட்டி, தேய்ப்பு, மறுபடி பிரைமர் என்பதே முறை. சுவருக்குப் போடும் வெள்ளை சிமென்ட் பட்டி மிஞ்சியிருக்கிறதே என்று கதவில் தடவ விடாதீர்கள். மரம் மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்கும். அந்தப் பட்டி வளையாது, வெடிக்கும்.

பழைய வீட்டுக் கதவைத் தேய்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்திய விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. அதற்கு முந்தைய எனாமலை உலர்ந்தபடியே தேய்த்தால் பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்து, முகக்கவசம் போட்டு, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் செய்யுங்கள்.

"தேக்குக்கு ஒண்ணும் வேண்டாம்" என்பது பாதி உண்மை. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தொடாது, உளுப்பும் அண்டாது. ஓரத்து வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. வைரத்தில் உள்ள எண்ணெயே பூச்சு ஒட்டுவதையும் காய்வதையும் கெடுக்கும். பூசுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடைப்பது அதற்காகத்தான்.

தேக்கின் ரேகை தெரிய வேண்டும் என்பவர்கள் வெளிக்கதவுக்கும் கண்ணாடி போன்ற வார்னிஷ் கேட்கிறார்கள். போர்டிகோவின் ஆழத்தில் இருக்கும் கதவுக்குச் சரி. மேற்கு வெயில் முகத்தில் அடிக்கும் கதவில், சாதாரண வார்னிஷ் வழியாகப் புற ஊதாக் கதிர் புகுந்து அடியிலுள்ள மரத்தைச் சிதைக்கும். வார்னிஷ் தாளாகக் கழன்று வரும். நிறமி கலந்த ஸ்டெயின் அங்கே கூடுதலாகத் தாங்கும். ஸ்டெயினுக்கு அடியில் மட்டும் பிரைமர் கூடாது, அது மரத்துக்குள் இறங்க வேண்டிய பொருள். அளவுக்கு மீறி வழுவழுப்பாகத் தேய்த்த பலகையிலும் இறங்காது. ஒரு சொட்டுத் தண்ணீரை மரத்தில் விடுங்கள். உள்ளே ஊறினால் துடைத்துக் காயவிட்டுப் பூசலாம். முத்தாக நின்றால் பழைய பூச்சோ எண்ணெயோ இன்னும் மிச்சமிருக்கிறது, 80ஆம் எண் தாளை மறுபடி கையில் எடுக்க வேண்டியதுதான்.