துகளுள் உறையும் வன்மை

நுழையும்முன்

கல்லைத் துளைத்து நீர் காண்கிறோம். கல்லைத் துளைப்பது எது? அதன் வன்மை எங்கிருந்து வருகிறது? தேய்ந்தபின் அது என்னாகிறது? நீரையும் மலையையும் பொருளறிவியலையும் ஒருங்கே எண்ணத் தூண்டுகிறது இப்பாடம்.

கல்லும் பல்லும்

திண்டு போன்ற குன்று நிற்பதால் திண்டுக்கல் எனப் பெயர் பெற்றது என்பர். கோட்டையைத் தாங்கும் அக்குன்றைப் போன்ற கடும்பாறையே சூழ்ந்துள்ள சமவெளியின் மண்ணுக்கு அடியிலும் படர்ந்து கிடக்கிறது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் உழவர் நாடுவது ஆழ்துளைக் கிணற்றை. அதைத் துளைக்கும் ரிக் வண்டியின் குழாய் நுனியில் ‘பிட்டு’ பொருத்தப்படுகிறது. அதன் முகத்தில் பதிந்துள்ள குமிழ்களைத் தொழிலாளர் ‘பட்டன்’ என்பர். பாறையை நொறுக்குவன இக்குமிழ்களே. எஃகு அவற்றைத் தாங்கும் உடல். இக்குமிழ்களின் முதன்மைப் பொருள் டங்ஸ்டன் கார்பைடு.

உருக்காமல் உருவாக்கல்

டங்ஸ்டன் 3422 டிகிரி செல்சியஸில் உருகும். உலோகங்களுள் இதுவே மிக உயர்ந்த உருகுநிலை. அதன் கார்பைடை உருக்கி வார்ப்பதும் அரிது. 1923இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ஷ்ரோட்டர் வேறு வழி கண்டார். கார்பைடுத் தூளுடன் கோபால்ட் தூளைக் கலந்து, அச்சில் அழுத்தி, ஏறத்தாழ 1400 டிகிரியில் சூடேற்றினால், உருகும் கோபால்ட் துகள்களைப் பிணைக்கும். செங்கற்களைச் சாந்து பிணைப்பது போல.

நுண்மையின் ஆற்றல்

ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. நூறு நானோமீட்டருக்கும் சிறிய துகள்களே நானோ தூள். துகள் சிறுக்கச் சிறுக்க எல்லைகள் பெருகும். அவை பொருள் நெளிவதைத் தடுப்பதால் வன்மை கூடும். டங்ஸ்டன் ஆக்சைடை ஹைட்ரஜன், மீத்தேன் வளிமங்களில் சூடேற்றினால், வழக்கத்தினும் குறைந்த வெப்பத்திலேயே கார்பைடு உருவாகும், துகளும் பருக்காது. பின்னர்ச் சூட்டில் இணைக்கும்போது பருக்காதிருக்க, வனேடியம் கார்பைடு சிறிதளவு சேர்ப்பர். அலுமினா போன்ற பீங்கான் பொருள்களை வலுப்படுத்தவும் இத்தூள் உதவுகிறது.

ஆயினும், நுண்மை எங்கும் சிறந்ததன்று. மின்சுற்றுப் பலகையில் மயிரிழைத் துளையிடும் கருவிக்கு நுண்துகள் வேண்டும். பாறையின் அடியைத் தாங்கும் குமிழுக்கோ பருந்துகளே ஏற்றது. பயனறிந்து அளவு தேர்வதே அறிவு.

மலையா, மறுசுழற்சியா?

திண்டுக்கல்லின் அண்டை மாவட்டமான மதுரையில், மேலூர் வட்டத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்திற்கான ஏல முடிவு 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டிப் பல்லுயிர் மரபுத் தலமும் உழவு நிலங்களும் பாதிப்புறும் என மக்கள் எதிர்த்தனர். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை நீக்கியது.

மலை காக்கப்பட்டது, டங்ஸ்டன் தேவையோ நீங்கவில்லை. அதற்கான விடையின் ஒரு பகுதி பழைய இரும்புக் கடையில் கிடக்கிறது. தேய்ந்த குமிழை உருகிய துத்தநாகத்தில் இட்டால் அது கோபால்ட்டுடன் கலந்து உப்பும். துத்தநாகத்தை ஆவியாக்கி நீக்கினால், எஞ்சுவதை எளிதில் தூளாக்கலாம். வேதிமுறையில் தூய ஆக்சைடாக மாற்றினால், அதிலிருந்து நானோ தூளையும் ஆக்கலாம். நீருக்காகத் தேய்ந்த பல்லை எஃகோடு கலந்து வீசாமல் பிரித்துச் சேர்ப்பதும் மலை காக்கும் செயலே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப் பட்டறைகளில் தேய்ந்த கருவிகள் எங்குச் செல்கின்றன எனக் கேட்டறிந்து எழுதுக.
2. ‘வளர்ச்சியும் மலை வளமும்’ என்னும் பொருளில் கலந்துரையாடுக.