இத்தாலிய வீட்டில் தங்கச் செல்லும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

இத்தாலியில் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ என்று பலகை மாட்டியிருக்கும் இடம் பெயரளவில்தான் விடுதி. உண்மையில் அது ஒரு குடும்பம் வாழும் வீடு என்பதை மனத்தில் கொள்ளாமல் செல்வோர், எவ்வளவு அன்பாக வரவேற்கப்பட்டாலும் சிறுசிறு மனக்குறைகளோடு திரும்ப நேரும். குடியிருக்கும் வீட்டின் சில அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்குத் தந்து, காலை உணவும் அளிக்கும் இம்முறையை அந்நாட்டின் 20 மாநிலங்களும் தத்தம் சட்டத்தால் ஒழுங்குபடுத்துகின்றன. அறைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதும், வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பதும் அவற்றுள் பலவற்றின் விதி. உழவர் தம் பண்ணையிலேயே விருந்தினரைத் தங்கவைக்கும் ‘அக்ரிதூரிஸ்மோ’ இதனின் வேறானது. அதற்கென 1985-இல் தேசியச் சட்டம் இயற்றப்பட்டு, 2006-இல் புதுச் சட்டம் வந்தது. அங்கு வேளாண்மையே முதன்மைத் தொழிலாக இருந்தாக வேண்டும்.

குடும்பம் வாழும் அத்தகைய வீட்டில் கண்டிப்பு எனத் தோன்றுவனவற்றுட் பெரும்பாலானவை வீட்டாரின் குணத்தால் வருபவை அல்ல, நாட்டின் சட்டத்தால் வருபவை. வந்து இறங்கியவுடன் கைக்குழந்தை உட்பட எல்லோருடைய கடவுச்சீட்டையும் கேட்பது ஐயத்தினால் அன்று. தங்குவோர் விவரத்தை 24 மணி நேரத்திற்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருடையது. அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு எனத் தனியாகக் கேட்கப்படும் ‘தாஸ்ஸா தி சொஜ்ஜோர்னோ’ என்னும் தங்கல் வரியும் நகராட்சிக்குச் செல்வதே. எந்த வயதுவரை குழந்தைகளுக்கு விலக்கு என்பது ஊருக்கு ஊர் மாறும். வெப்பமூட்டும் கருவிகளின் செய்தி இன்னும் நுட்பமானது. குளிரின் அளவுக்கேற்ப நாடு ஆறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது; ரோம், ஃபிளாரன்ஸ் ஆகியவை அடங்கிய மண்டலத்தில் பொதுவாக நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, நாளொன்றுக்கு 12 மணி நேரம் மட்டுமே வெப்பமூட்டலாம் என்பதும், வீட்டின் உள்வெப்பம் 20 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆதலின் அக்டோபர் மாதத்தில் அறை குளிர்ந்திருந்தால் வீட்டாரைக் கஞ்சர் எனக் கருதுவது பெரும் அநீதி. கூடுதல் கம்பளி கேட்டால் மகிழ்ந்து தருவர். மின்சாரமும் அவ்வாறே. சாதாரண வீட்டு மின்னிணைப்பின் திறன் பெரும்பாலும் 3 கிலோவாட் மட்டுமே ஆகலின், சலவை இயந்திரம் ஓடும்போது ஒருவர் தலைமுடி உலர்த்தியையும் மற்றொருவர் இஸ்திரிப் பெட்டியையும் இயக்கினால் வீடு முழுவதும் இருண்டுவிடக்கூடும்.

நீரால் தூய்மை செய்து பழகிய இந்தியக் குடும்பத்திற்கு ஓர் ஆறுதலும் உண்டு: வீட்டின் ஒரு குளியலறையிலேனும் ‘பிதே’ எனப்படும் கழுவுதொட்டி இருக்க வேண்டும் என 1975-ஆம் ஆண்டின் அரசாணை வகுத்துள்ளது.

உணவைப் பொறுத்தவரை மிகுந்த முன்யோசனை தேவை. இத்தாலியரின் காலை உணவு பெரும்பாலும் இனிப்பே. பால்கலந்த காப்பி, ‘கொர்னெத்தோ’ என்னும் பிறைவடிவ மாவுப்பண்டம், வறுத்த ரொட்டித்துண்டு, பழக்கூழ் ஆகியவற்றோடு அது முடிந்துவிடும். காரமோ சூடான பலகாரமோ இல்லையென்று முகம் சுளிப்பது விருந்தோம்புவோரின் மனத்தைப் புண்படுத்தும். சைவ உணவினர் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். அவ்வீடுகளில் சுடப்படும் கேக்கில் முட்டை இருக்கும், அரிசியுணவாகிய ‘ரிசோத்தோ’ இறைச்சிச் சாற்றில் வெந்ததாக இருக்கலாம், புகழ்பெற்ற பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியோ கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் உறைபொருளால்தான் செய்யப்படுகிறது. இவற்றை வீட்டார் மறைப்பதில்லை. சைவம் என்றால் இவையும் விலக்கு என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவே. இரவு உணவு அவ்வீடுகளில் பொதுவாகக் கிடையாது. உணவகங்களும் ஏழரை மணியளவில்தான் திறப்பன ஆதலின், ஆறு மணிக்கே பசிக்கும் பிள்ளைகளுக்குப் பழமும் ரொட்டியும் முன்னரே வாங்கிவைப்பது நன்று.

சட்டத்திலோ வாடகையிலோ அடங்காத ஒன்று உண்டு; அதுவே அவ்வீடுகளின் சிறப்பு. குழந்தையைக் கண்டதும் பெயரைக் கேட்டுப் பழம் நறுக்கித் தரும் பாட்டியும், ஊரின் எந்தத் தெருவில் நிழல் இருக்கும் எனத் தாள் ஒன்றில் வரைந்து காட்டும் வீட்டுத்தலைவரும் அதற்குக் கூலி பெறுவதில்லை. அவ்வன்புக்குரிய மறுமொழி பணம் அன்று, பணிவே. பிறர் வீட்டு வாயிலைத் தாண்டும்போது, அழைக்கப்பட்டிருந்தாலும், ‘பெர்மெஸ்ஸோ’ (உள்ளே வரலாமா) என்று கேட்பது இத்தாலியரின் பழக்கம். ‘அவாந்தி’ (வாருங்கள்) என்பது அதற்கு வரும் விடை. பிள்ளைகளுக்குப் ‘பெர்மெஸ்ஸோ’ என்னும் ஒரு சொல்லையேனும் பயணத்திற்கு முன் கற்பித்தல் பெற்றோர் கடமை. அதைச் சொல்லி நுழையும் குழந்தை அவ்வீட்டின் கண்ணுக்கு வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளையாகத் தெரியாது.

ஆகவே, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாகவே, வந்து சேரும் நேரம், குழந்தைகளின் வயது, உணவில் விலக்க வேண்டியவை ஆகிய மூன்றையும், முட்டை, இறைச்சிச் சாறு எனப் பெயர் சொல்லியே, இத்தாலிய மொழியில் அவ்வீட்டாருக்கு எழுதி அனுப்பிவிடுக.

அன்புடன்,
தாய்மாமன்