உதவித்தொகையின் பெயரால் நடைபெறும் மோசடி

தகுதியுள்ள நிலச் சொந்தக்காரர்களுக்கு பி.எம். கிசான் திட்டத்தின்படி 2019-ம் வருஷம் முதல், வருஷம் ஒன்றுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாகப் பாங்கிக் கணக்கில் நேராகச் சேர்க்கப்பட்டு வருகிறது. கதிர் முற்றிய வயலை எலி நாடுவதுபோல, இத்தொகையை மோசக்காரரும் நாடுகின்றனர்.

அவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்போல் பேசி, "கே.ஒய்.சி. பதிவு முடியவில்லை, இன்றே செய்யாவிடில் தவணை நின்றுவிடும்" என்று அவசரப்படுத்துவர். அல்லது திட்டத்தின் பெயரைத் தாங்கிய ஏ.பி.கே. கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவர். அதைக் கைப்பேசியில் ஏற்றினால், நமக்கு வரும் ஓ.டி.பி. எண்கள் அவர்களுக்கும் எட்டிவிடக்கூடும். நமது திரையைத் தூரத்திலிருந்தே காட்டும் எனிடெஸ்க் போன்ற செயலியை ஏற்றச் சொல்வதும் உண்டு.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. ஓ.டி.பி. எண்ணையும் யு.பி.ஐ. ரகசிய எண்ணையும் பேச்சில் எவருக்கும் சொல்லலாகாது.

2. ரகசிய எண் பணம் செலுத்துவதற்கே வேண்டும்; பெறுவதற்கு வேண்டியதில்லை.

3. கே.ஒய்.சி. பதிவைப் பொதுச் சேவை மையத்திற்கு நேரில் சென்று முடித்துக்கொள்ளலாம்.

4. சந்தேகம் தோன்றின் பேச்சை நிறுத்திவிட்டு, 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணிலோ அருகிலுள்ள விவசாய ஆபீஸிலோ விசாரித்தல் நலம்.

பணம் பறிபோயின் வெட்கத்தால் மறைத்தல் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்கும் பாங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். மோசக்காரர் எடுத்துக்கொள்ளுமுன் தகவல் சென்றால், அத்தொகையைத் தடுத்து நிறுத்த இயலும். தாமதித்தால் மீட்பது அரிது.