நகை என்னும் மெய்ப்பாடு

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாகவும் அழுகையை அதற்கடுத்தும் வைத்தார். ஆயினும், அழவைக்கும் படமே சிறந்தது. சிரிக்கவைக்கும் படம் வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர்.

'கல்யாணப் பரிசு' (1959), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) ஆகியவற்றால் கண்கலங்க வைத்த இயக்குநர் ஸ்ரீதர், 1964இல் 'காதலிக்க நேரமில்லை' என்னும் இசை நிறைந்த நகைச்சுவைப் படத்தை அளித்தார். அதில் மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தந்தையாக நடித்த டி.எஸ். பாலையாவிடம் பேய்க்கதை சொல்கிறார். திரையில் பேய் தோன்றுவதில்லை. நாகேஷின் குரலும் பாலையாவின் முகத்தில் ஏறும் அச்சமுமே சிரிப்பை விளைவிக்கின்றன.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் கூறுவர். இக்காட்சியின் நகை பேதைமையில் பிறக்கிறது. எவரையும் எள்ளாத சிரிப்பாதலின், அறுபது ஆண்டுகள் கடந்தும் அது வாடவில்லை.