ஆதார் நகல் கொடுக்கும் முன்…

வாடகை வீடு, லாட்ஜ் அறை என எங்கே போனாலும் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். அந்தத் தாள் தவறான கையில் சிக்கினால், உங்கள் பெயரில் வேறொருவர் சிம்மும் கடனும் வாங்கப் பார்க்கலாம்.

1. ‘மைஆதார்’ தளத்திலிருந்து ‘மாஸ்க்டு ஆதார்’ இறக்கிக் கொடுங்கள். அதில் கடைசி 4 எண்கள் மட்டுமே தெரியும்.

2. நகலின் குறுக்கே தேதி, காரணம் எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுத்து படத்தின் மேலும் ஓடினால், வேறு வேலைக்கு அதைப் பயன்படுத்துவது கடினம்.

3. ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பை, பிரிண்ட் எடுத்ததும் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கடைக் கணினியிலேயே கிடக்கும்.

4. ‘மைஆதார்’ தளத்திலேயே கைரேகையைப் பூட்டி வையுங்கள். அப்போது போலி ரேகை வைத்து, ஆதார் வழியாக உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது.

5. மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் பெயரிலுள்ள செல்போன் எண்களைப் பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

6. பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.