மின்சார வண்டிக் கடனும் வருமான வரிக் கழிவும்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய பகுதிகளில் தொழிற்சாலைகள் பெருகிய பின்னர், நம் நெசவாளர் குடும்பங்களிலும் விவசாயக் குடும்பங்களிலும் மாதச் சம்பளம் பெறும் பிள்ளைகள் பலர் உள்ளனர். அவர்களோடு வருமான வரிப் படிவமும் வீட்டிற்குள் நுழைந்துவிட்டது. சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில், "பேட்டரி வண்டிக் கடனுக்கு வரியில் ஏதோ திரும்பி வருமாமே, ஐயா?" என்று அங்கத்தினர்கள் நம்மிடம் வினவுகின்றனர். வரும் என்றோ வராது என்றோ ஒரே சொல்லில் விடையிறுக்க இயலாத கேள்வி இது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

2019 ஜூலை 5-ஆம் நாள் நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் இச்சலுகை அறிவிக்கப்பட்டது. அதே மாதத்தில்தான் ஹூண்டாய் நிறுவனம், முற்றிலும் மின்சாரத்தால் ஓடும் கோனா என்னும் காரை நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தன் ஆலையில் பூட்டி விற்பனைக்குக் கொணர்ந்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80இஇபி என்ற பிரிவு இதற்கெனச் சேர்க்கப்பட்டது. மின்சார வண்டி வாங்கப் பெற்ற கடனுக்குச் செலுத்தும் வட்டியில், ஆண்டொன்றுக்கு 1,50,000 ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பது இப்பிரிவின் சாரம். மாதத் தவணையில் அடங்கிய அசலுக்குக் கழிவு கிடையாது.

வருமானத்தில் கழிப்பது வேறு, வரியில் கழிப்பது வேறு. அமெரிக்காவில் வாழும் உறவினர், புதிய மின்சாரக் காருக்கு 7,500 டாலர் வரை வரியிலேயே கழித்துக்கொண்டதாகக் கூறியிருக்கலாம். அது அந்நாட்டு முறை. அங்கும் 2025 செப்டம்பர் 30-க்குப் பின் வாங்கிய வண்டிகளுக்கு அச்சலுகை நிறுத்தப்பட்டுவிட்டது. நம் நாட்டில், 40,000 ரூபாய் வட்டி செலுத்திய ஒருவர் 20 சதவீத வரிப்படியில் இருந்தால், அவருக்கு மிச்சமாவது 8,000 ரூபாயும், அதன்மீதான 4 சதவீத மேல்வரி 320 ரூபாயும் ஆக 8,320 ரூபாயே.

இனி நிபந்தனைகள். கடன் 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரையிலான காலத்தில் அனுமதிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அதற்குப் பின் அனுமதி பெற்ற கடனுக்குக் கழிவு இல்லை. ஆனால் அக்கெடுவுக்குள் பெற்ற கடன் தீரும்வரை ஆண்டுதோறும் வட்டியைக் காட்டி வரலாம். வண்டி முற்றிலும் மின்மோட்டாரால் இயங்குவதாகவும், பிரேக் பிடிக்கும்போது எழும் ஆற்றலை மீண்டும் மின்சாரமாக்கும் அமைப்புடையதாகவும் இருத்தல் வேண்டும். பெட்ரோலும் பேட்டரியும் கலந்து ஓடும் கார்கள் இதில் சேரா. கழிவு தனிநபருக்கு மட்டுமே உரியது. நம் சங்கம் ஜவுளி ஏற்றிச்செல்ல மின்சாரச் சரக்கு ஆட்டோ வாங்கியிருந்தால், அதன் வட்டியைச் சங்கத்தின் லாப நஷ்டக் கணக்கில் செலவாக எழுதுவதே முறை. 80இஇபி அங்கே பொருந்தாது.

நம் அங்கத்தினர்கள் தவறாது கவனிக்க வேண்டியது மற்றொன்று. கடன் வங்கியிலிருந்தோ, சட்டம் குறிப்பிடும் வகையைச் சேர்ந்த வங்கிசாரா நிதி நிறுவனத்திலிருந்தோ பெறப்பட்டிருக்க வேண்டும். தொழிற்சாலைப் பணியாளர்களின் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் வங்கி ஆகாது. குறைந்த வட்டிக்குச் சங்கக் கடன் பெற்று ஸ்கூட்டர் வாங்கியவருக்கு, வண்டியும் தகுதியுடையது, தேதியும் தகுதியுடையது, ஆயினும் கழிவு இல்லை. கூட்டுறவுத் துறையில் பணிபுரியும் நமக்கு இது உவப்பான செய்தியன்று. எனினும் சட்டத்தின் சொற்கள் அவ்வாறே அமைந்துள்ளன. கைமாற்றுக்கும், முதலாளி தந்த முன்பணத்திற்கும் இதே நிலைதான்.

இத்தனை நிபந்தனைகளையும் கடந்தவர்கூட உடனே மகிழ்ச்சியடைய வேண்டியதில்லை. வரி முறை இப்பொழுது பழையது, புதியது என இரண்டாக உள்ளது. 80இஇபி கழிவு பழைய முறையில் மட்டுமே உண்டு. 2023-24 நிதியாண்டிலிருந்து, ஒன்றும் சொல்லாதவருக்குப் புதிய முறையே பொருந்தும். ஓர் உதாரணம் கொள்வோம். 2025-26 ஆண்டில் ஒருவரின் சம்பளம் 9,00,000 ரூபாய். பழைய முறையில் நிலைக் கழிவு 50,000, சேமிப்புக்கான கழிவு 1,50,000, வண்டிக் கடன் வட்டி 40,000 ஆகியவை போக மிஞ்சுவது 6,60,000. இதற்கு வரி 44,500. மேல்வரியுடன் 46,280 ரூபாய். புதிய முறையிலோ நிலைக் கழிவு 75,000 போக 8,25,000. வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி கிடைத்து வரியே இல்லை. வட்டிக் கழிவைப் பெற்றே தீருவேன் என்று பழைய முறைக்குச் சென்றவர், எட்டாயிரத்தைத் தேடி நாற்பத்தாறாயிரத்தை இழந்தவராவார்!

சம்பளம் 25 லட்சம் உடையவருக்கும், பழைய முறை லாபகரமாக வேண்டுமானால் நிலைக் கழிவு நீங்கலாக ஏறத்தாழ 8 லட்சம் ரூபாய்க்குக் கழிவுகள் இருத்தல் வேண்டும். வீட்டு வாடகைப்படி, வீட்டுக் கடன் வட்டி, சேமிப்பு இவையெல்லாம் சேர்ந்தால்தான் அத்தொகை எட்டும்.

வருமான வரித் துறை தன் இணையதளத்தில் இலவசமாக வழங்கும் மென்பொருளும், தனியார் விற்கும் மென்பொருள்களும் இக்கணக்கை இரு முறையிலும் போட்டுக்காட்டக் கூடியவை. ஆயினும் அவை நமக்காகச் சிந்திப்பதில்லை. சம்பளமும், பிடித்தம் செய்த வரியும், வங்கி வட்டியும் படிவத்தில் முன்னதாகவே நிரப்பப்பட்டு வரும். வண்டிக் கடனின் வட்டியை நாமே எழுத வேண்டும். புதிய முறையிலிருந்து விலக விரும்புகிறீரா என்ற கேள்விக்கு ஆம் என்று விடையளித்தாலன்றி அக்கழிவு ஏற்கப்படாது. கடன் கொடுத்த வங்கியின் பெயர், கடன் கணக்கு எண், அனுமதித்த தேதி, மொத்தக் கடன், ஆண்டிறுதி நிலுவை, வண்டியின் பதிவு எண், வட்டித் தொகை ஆகியவை கேட்கப்படும். பதிவு தேவைப்படாத மெதுவேக ஸ்கூட்டர் வைத்திருப்பவர் இவ்விடத்திலேயே நின்றுவிடுவார். வங்கியிடம் அந்த நிதியாண்டுக்கான வட்டிச் சான்றிதழை எழுத்து மூலம் கேட்டுப் பெற்று, அதிலுள்ள தொகையையே எழுதுக. தவணையை மனக்கணக்காகப் பெருக்கி எழுதுதல் ஆகாது.

தறி வைத்து வியாபார வருமானமும் உடையவர், பழைய முறைக்குச் செல்ல 10-ஐஇஏ என்னும் தனிப் படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தல் வேண்டும். அவர் பின்னர் புதிய முறைக்குத் திரும்பினால், வியாபார வருமானம் உள்ளவரை மீண்டும் பழையதற்கு வர இயலாது. சம்பளக்காரருக்கு இத்தடை இல்லை, ஆண்டுதோறும் தேர்ந்துகொள்ளலாம்.

தொழிற்சாலை வாயில்களைச் சுற்றி, "படிவம் நாங்கள் போடுகிறோம், திரும்பி வரும் தொகையில் பங்கு கொடுங்கள்" என்று பேசுவோர் உலவுவதை நாமறிவோம். வண்டியே இல்லாதவருக்கும் வண்டிக் கடன் வட்டி எழுதித் தருவோர் இவர்களில் உண்டு. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய்யாகக் கோரப்பட்ட கழிவுகளென்று அத்துறை வெளியிட்ட பட்டியலில் 80இஇபியும் இடம்பெற்றது. ஆதாரம் கிடைத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதற்கு முந்திய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாமாகவே படிவங்களைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருந்தனர். இடைத்தரகர் பலர் தாம் உண்டாக்கிய மின்னஞ்சல் முகவரியையே படிவத்தில் கொடுத்துவிட்டுப் பிறகு அதைக் கைவிடுகின்றனர். நோட்டீஸ் வந்தாலும் உரியவர் கண்ணில் படுவதில்லை. வருமானத்தைத் தவறாகக் காட்டியதற்கு, அதனால் குறைந்த வரியைப் போல் இருமடங்கு வரை தண்டம் உண்டு. அதைச் செலுத்த வேண்டியவர் தொழிலாளியே, தரகர் அல்ல. பிறர் உதவியால் படிவம் போடுவோர், கடவுச்சொல்லும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் தம்முடையனவாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்க. அனுப்பிய படிவத்தின் நகலையும் வாங்கிவைத்துக்கொள்க.

2025-இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-இல் தொடங்கும் வரி ஆண்டுக்குரியது. அதில் பிரிவுகளின் எண்கள் வேறு. 2025-26 நிதியாண்டின் வருமானத்திற்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்துவதால், மேற்கூறிய எண்ணையே தேடுக.

பழைய முறையைத் தேர்ந்த சம்பளக்காரர், சாதாரணமாக ஜூலை 31-இல் முடியும் கெடுவுக்குள் படிவத்தை அனுப்பிவிட வேண்டும். தாமதமாக அனுப்புவோருக்குப் புதிய முறையே கதி. அனுப்பிய 30 நாட்களுக்குள் ஆதார் எண் வழியாகவோ வேறு வழியாகவோ அதை உறுதி செய்தலும் வேண்டும். 30 நாள் கடந்து உறுதி செய்தால், உறுதி செய்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். அந்நாள் கெடுவுக்கு அப்பால் விழுமாயின், படிவம் ஜூலையிலேயே சென்றிருந்தாலும் பழைய முறையும் அதிலிருந்த வட்டிக் கழிவும் கைவிட்டுப் போகும்.