சோளத்துக்கு முருங்கைச் சாறு

லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி சோளமோ குரக்கனோ போடுபவர்கள் நம்மில் பலர். 2021ஆம் ஆண்டு அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது, அந்தப் பாத்திக்கு ஒரு பிடி யூரியா தேடி அலைந்தது நினைவிருக்கும். தடை அந்த வருடமே நீங்கியது. பழைய விலை மட்டும் திரும்பி வரவில்லை. ஆகவே கையில் உள்ளதை வைத்துச் செய்யக்கூடிய ஒன்றைப் பார்ப்போம்.

"இலைக்கு அடிச்சா பயிருக்கு எப்படிப் போய்ச் சேரும்?" என்று கேட்கலாம். தேயிலைக்கு சிங்க் சல்பேட் தெளிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? இலை வழியாகவும் செடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். முருங்கைக் கொழுந்தில் சீயாற்றின் என்னும் வளர்ச்சிப் பொருள் இருக்கிறது. இது இலையைச் சீக்கிரம் பழுக்க விடாது. வேடிக்கை என்னவென்றால், 1963இல் இந்தப் பொருளை முதலில் பிரித்தெடுத்ததே பிஞ்சுச் சோள மணியிலிருந்துதான்.

நிக்கராகுவா நாட்டில் இந்தச் சாற்றைப் பல பயிர்களுக்குத் தெளித்துப் பார்த்தவர்கள், விளைச்சல் 20 முதல் 35 சதவீதம் வரை கூடியதாக 2001இல் எழுதினார்கள். அது அவர்கள் மண், அவர்கள் வெயில். நம் பாத்தியில் அவ்வளவு வருமென்று நம்பிவிட வேண்டாம்.

செய்முறை இதுதான். இளங்கொழுந்தைப் பறித்து, 1 கிலோவுக்கு 100 மில்லி லீற்றர் தண்ணீர் மட்டும் விட்டு அம்மியில் நன்றாக அரையுங்கள். துணியில் இட்டுப் பிழியுங்கள். சாறு ஒரு பங்கென்றால் தண்ணீர் 32 பங்கு. ஒரு செடிக்கு 25 மில்லி போதும். 100 செடிக்கு இரண்டரை லீற்றர் கலவை. அதற்குச் சாறு ஏறக்குறைய 80 மில்லிதான் வேண்டும். பிழிந்த 5 மணித்தியாலத்துக்குள் அடித்துவிட வேண்டும். காலையில் பிழிந்து வைத்துவிட்டு மலைக்குப் போய், பின்னேரம் வந்து அடித்தால் பயனில்லை. வேலை முடிந்து வந்து அரைத்து, வெயில் தாழ அடிப்பதே நமக்குத் தோது. மழை இருட்டினால் மறுநாள் பார்க்கலாம்.

முளைத்து பத்து நாளில் ஒரு தரம், பூப்பதற்கு ஒரு மாதம் முன் ஒரு தரம், மணி பிடிக்கும்போது ஒரு தரம்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: களைநாசினி அடித்த டேங்கியை இரவல் வாங்காதீர்கள். கழுவியது போலத் தெரியும். அடியில் நின்ற மிச்சம் சோளத்தைக் கருக்கிவிடும். வேறு தெளிப்பான் இல்லையா, இலைக்கொத்தை நனைத்து உதறுங்கள்.

சாறு பசளைக்குப் பதில் அல்ல. அடியில் சாணமோ கூட்டெருவோ இல்லாத செடிக்கு மேலே எதை அடித்து என்ன? புழு மருந்தும் அல்ல. 2018இல் இலங்கைக்கு வந்த படைப்புழு இதற்குச் சாகாது. குருத்தை விரித்துப் பார்த்து, கையால் எடுத்து நசுக்கத்தான் வேண்டும்.

நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் முருங்கை சரியாக வராது. அங்குள்ளவர்கள் வேலியோரத்துக் காட்டுச் சூரியகாந்தி இலையை வெட்டி மண்ணில் புதைக்கலாம். முருங்கை உள்ள இடத்தில் முதல் போகத்துக்கு ஒரு வரிசைக்குச் சாறும் பக்கத்து வரிசைக்கு வெறும் தண்ணீரும் அடித்து, கதிர்களைத் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள்.